அதிபர் அறையில் பால் நேரம்

பால்மா டின்னை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தேன். பரிசளிப்பு விழாவில் கப் கொடுப்பேனே, அதே மாதிரி. கொஞ்சம் முன்னால் குனிந்து, முகத்தில் ஒரு சிரிப்போடு. படம் எடுக்க யாரும் இல்லை. இருந்தாலும் எடுப்பார்கள் என்ற பாவனையில் ஒரு விநாடி அப்படியே நின்றேன். பாடசாலை அதிபராக இருந்தவனுக்கு அது தானாக வந்துவிடும்.

வாங்கிக்கொண்ட பெண்ணின் பெயர் சசிகலா. இருபது வயது இருக்கும். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள்தான். மார்போடு ஒன்றரை மாதப் பெண் குழந்தை, துவாயில் சுற்றி, மூக்கு மட்டும் தெரிய.

"பால் வத்திப்போச்சி சேர்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு பெண் என்னிடம் நேராக அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் டின்னோடு ஒரு போத்தலையும் அதன் ரப்பர் சூப்பியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

நான் செய்த புண்ணிய காரியங்களில் இவ்வளவு சீக்கிரம் பாவமாக மாறியது வேறு இல்லை.

பதிவேட்டுப் புத்தி

மலையகத்தில், டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில்தான் கடைசியாக அதிபராக இருந்தேன். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்த வருஷம் மழை மூன்று நாள் நிற்காமல் பெய்தது. மலைச் சரிவில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்கு மேலே மண் பிளந்து, ஓர் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். இறங்கிய மறுநாள் காலையில் மூன்று காம்பரா வீடுகளும் ஒரு கோயில் மணிக்கூண்டும் கீழே போயின. உயிர்ச் சேதம் இல்லை. இறங்கும்போது வழுக்கி விழுந்து ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது. அவளைப் பாதை அடைபடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு இடத்தில் ரோட்டில் மண் விழுந்து, நாங்கள் தீவாகிவிட்டோம்.

நாற்பது குடும்பங்கள் பாடசாலைக்கு வந்தன. தோட்டப் பாடசாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே நீண்ட மண்டபம், இடுப்பளவு சுவர், நடுவில் தடுப்பே கிடையாது. ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதை ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்து படிக்கும் ஏற்பாடு.

முகாமுக்குப் பொறுப்பு நான். முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? குடும்பத் தலைவர் பெயரின் முதலெழுத்துப்படி எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்தேன். அகரவரிசையில் அகதிகள். கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கான முகாமைத் தான் கண்டதே இல்லை என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு கவளம் கூட இறங்கியது.

அந்த வரிசையில் சசிகலாவுக்கு விழுந்த இடம் மண்டபத்தின் நட்டநடு. அவளுடைய கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாமியாரும் அவளும்தான் வந்திருந்தார்கள். எதிரே கடதாசி விளையாடும் ஆட்கள். மழையில் வேலை இல்லாததால் காலை முதல் இருட்டும்வரை அந்தச் சீட்டாட்டம் நடந்தது. இந்தப் பக்கம் என் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர், கைபேசியோடு.

இதில் என்ன கோளாறு என்று எனக்கு விளங்கவே இல்லை. பெயர் வரிசை சரியாகத்தானே இருந்தது.

நஸீர் நானாவின் பன்னிரண்டு டின்

பால்மா வந்த கதையைச் சொல்ல வேண்டும். அக்கரப்பத்தனை கடைவீதியில் நஸீர் நானாவின் கடை. எங்கள் பாடசாலைக்குக் கொப்பி, சோக்கட்டி, விளையாட்டுப் போட்டிக்கு ரிப்பன் எல்லாம் அங்கேதான். முகாம் தொடங்கி மூன்றாம் நாள், மழை கொஞ்சம் விட்டபோது, மண் விழுந்த இடத்தைத் தாண்டி, இரண்டு ஆட்களின் தலையில் மூட்டை ஏற்றிக்கொண்டு அவரே நடந்து வந்தார். சரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, ஒரு கையில் செருப்பு. பாண், பருப்பு, பிஸ்கட், அதோடு குழந்தைப் பால்மா பன்னிரண்டு டின், ஆறு போத்தல்.

"கைப்புள்ளைகள் இருக்கும்தானே சேர்," என்றார்.

எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பன்னிரண்டையும் என் மேசையில் கோபுரமாக அடுக்கி வைத்து அழகு பார்த்தேன். கைக்குழந்தை உள்ள அம்மாமாரை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். முதலில் வந்தவள்தான் சசிகலா.

சப்பாத்தோடு உள்ளே வந்தவர்

மூன்று நாள் கழித்து மிட்வைஃப் தவமணி மிஸ் வந்து சேர்ந்தார். உடப்புசல்லாவைக்காரர். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, மஞ்சள் மழைக்கோட்டு, முதுகில் ஒரு பை. பாதை இல்லாத இடத்தில் கொழுந்து மலைக்குள்ளால் ஏறி இறங்கி வந்திருந்தார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே மண்டபத்துக்குள் போனார்.

பத்து நிமிஷத்தில் என் அறைக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

சசிகலாவின் பிள்ளைக்கு நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது, கண் உள்ளே போயிருக்கிறது, அழுதால் சத்தம் வரவில்லை என்றார். பிறகு மேசையில் மிச்சமிருந்த டின்களைப் பார்த்தார்.

"இது எப்படி புள்ளைங்க கைக்குப் போச்சி?"

"விநியோகிக்கப்பட்டது," என்றேன்.

அரசாங்கக் கடிதத் தமிழில் இதுதான் வசதி. எல்லாம் 'பட்டது'. செய்தவன் யார் என்று வரியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் விழமாட்டான்.

"யாரு குடுத்தது சேர்?"

"நான்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். என்னைக் கூட்டிக்கொண்டு போய் சசிகலா போத்தல் கழுவும் இடத்தைக் காட்டினார். பாடசாலைக் குழாய் உடைந்து போனதால் எல்லாரும் பள்ளத்தில் ஊற்றுநீர் வழியும் பீலியில்தான் தண்ணீர் பிடித்தார்கள். அது வெறும் தேத்தண்ணீர் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் சோற்றுக்கே அடுப்பு பற்றவில்லை. போத்தலைக் கொதிக்க வைக்க யாருக்கு முடியும்? அந்த ரப்பர் சூப்பியைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். பச்சையாக ஏதோ படிந்திருந்தது. மாவும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பயந்து, நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டிதான் போட்டிருக்கிறாள்.

"பால் வத்திப்போச்சின்னு அவதான் சொன்னா, மிஸ்," என்றேன். என் பக்க நியாயம் அதுதான்.

மிஸ் மண்டபத்துப் பக்கம் கையைக் காட்டினார். கடதாசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. "நீங்க ஒரு தரம் அவ எடத்துல உக்காந்து பாத்தீங்களா?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பகல் முழுக்க அவ்வளவு ஆம்பிளைகளுக்கு நடுவில் சசிகலா சட்டையைத் திறக்கவே இல்லை. பிள்ளை அழுதால் தோளில் போட்டுத் தட்டியிருக்கிறாள். இருட்டிய பிறகு போர்வைக்குள் ஒரு முறையோ இரண்டு முறையோ கொடுத்தது. மாமியார் வேறு, மலை சரிந்ததைப் பார்த்த பயத்தில் பால் கெட்டிருக்கும், கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை இழுக்க இழுக்கத்தான் பால் சுரக்கும், பயத்தில் கொஞ்சம் தாமதமாக இறங்குமே தவிர கெட்டுப்போகாது என்று மிஸ் சொன்னார். இழுக்க விடாமல் வைத்ததில் குறைந்திருக்கிறது. குறைந்த இடத்தை நான் கொடுத்த போத்தல் நிரப்ப, மிச்சமும் குறைந்துவிட்டது.

முப்பத்திரண்டு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பாலூட்டிகள் என்று ஒரு பாடம். திமிங்கிலம், வௌவால் எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். மனுஷி வரும் பக்கத்தைப் பிள்ளைகளை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

சாவி

"ஒங்க ஆபீஸ் சாவிய குடுங்க," என்றார் மிஸ்.

எங்கள் பாடசாலையில் கதவும் பூட்டும் உள்ள ஒரே அறை அது. உள்ளே நான்கு அலுமாரி, சுவரில் வரிசையாக முன்னைய அதிபர்களின் படங்கள். உத்தியோகபூர்வ ஆவணங்கள் இருக்கின்றன என்றேன். ஆவணங்களுக்குப் பசிக்காது என்றார்.

சாவியைக் கொடுத்தேன். என் மேசையை வெளியே மாமரத்தடியில் போட்டு அதற்கு மேல் தார்ப்பாய் கட்டினார்கள். உள்ளே பாய் விரித்து, என் சுழல் நாற்காலியில் சசிகலாவை உட்கார வைத்தார்கள். முன்னைய அதிபர்களின் படங்களைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டச் சொன்னவர் சசிகலாவின் மாமியார்.

தான் கொண்டுவந்த சுத்தமான தண்ணீரில் உப்புக் கரைசல் கரைத்துப் பிள்ளைக்குக் கரண்டியால் கொடுத்துவிட்டு, மிஸ் டாக்டருக்குப் போன் போட்டார். கொடிக் கம்பத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். தாய்ப்பாலை நிறுத்தாதே, கரைசலையும் கொடு, பிள்ளை சோர்ந்து குடிக்காமல் போனால் எப்படியாவது தூக்கிக்கொண்டு வா, பாதை திறந்தவுடன் நான் வருகிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் சசிகலாவிடம் பால் போதவில்லை. பிள்ளை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பியது. இவளுக்குத் திரும்பச் சுரக்கும்வரை பிள்ளை தாங்க வேண்டுமே, வேறொரு தாய் கொடுத்தால்தான் சரி என்று மிஸ் மண்டபத்தில் போய்க் கேட்டார்.

பால் கொடுக்கிற அம்மாமார் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும், பால் நிறைய உள்ளவள் என்று பேர் வாங்கிய லெச்சுமியைப் பார்த்தார்கள். லெச்சுமி தன் ஏழு மாத மகனுக்குப் போர்வையை இழுத்து மூடினாள்.

வெளியாட்களுக்கு இது புரியாது. லெச்சுமியும் சசிகலா குடும்பமும் அடுத்தடுத்த காம்பரா. இரண்டு வீட்டுக்கும் பொதுவில் ஒரு குழாய். அந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்ற தகராறில் சசிகலாவின் மாமியாரும் லெச்சுமியும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. தொழிற்சங்கத் தலைவர் வந்து பேசிப் பார்த்தார். தோட்டத்து உத்தியோகத்தர் கண்டாக்கையா வந்து பார்த்தார். ஒருமுறை பொலிசும் வந்தது. இப்போது அந்தக் குழாய் இருந்த இடமே மண்ணுக்குள் போய்விட்டது. சண்டை மட்டும் பத்திரமாக முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தது.

லெச்சுமி எழுந்து தன் பிள்ளையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். கர்ப்பவதி அட்டையை மிஸ்ஸிடம் நீட்டினாள். மிஸ் அதில் ரத்தப் பரிசோதனையெல்லாம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சண்டை எனக்கும் அந்த பொம்பளைக்கும்தான்," என்றாள் லெச்சுமி, யாரையும் பார்க்காமல். "இந்த புள்ள என்னய என்னா சொன்னிச்சி?"

என் அறைக்குள் போனாள். நான் மாமரத்தடியில் உட்கார்ந்து வரவு இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வந்த மாணவர்கள் யாரும் இல்லை. இருந்தும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சசிகலா அழும் சத்தம். மாமியார் ஏதோ சொல்வதும் லெச்சுமி அதட்டுவதும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை செத்துவிட்டதோ என்று நினைத்தேன். நான் கொடுத்த டின், நான் கொடுத்த போத்தல். எழுந்து கதவுவரை போனேன். தட்டத் தைரியம் இல்லை.

மிஸ்தான் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"குடிச்சிட்டு தூங்குது," என்றார். "ஒங்ககிட்ட பிஸ்கட் ஏதும் இருக்கா சேர்? காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல."

நஞ்சா கொண்டுவந்தேன்?

மறுநாள் இராணுவத்தினர் மண்ணை வெட்டி ஒற்றையடிப் பாதை போட்டார்கள். டாக்டர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்து வந்து பிள்ளையைப் பார்த்தார். பயமில்லை என்றார். அவருக்குப் பின்னாலேயே பாண் மூட்டையோடு நஸீர் நானா.

அவரிடம் சொல்லும் வேலை எனக்கு. என் உத்தியோகத்தில் பெற்றோரிடம், உங்கள் மகன் பெயில் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இது அதைவிடக் கஷ்டம். சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நான் நஞ்சா சேர் கொண்டாந்தேன்? பசிச்ச புள்ளைக்குப் பால் குடுக்கிறது நன்மைன்டுதானே நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் நானா. குடுத்தது நான்தானே."

தவமணி மிஸ் வந்து உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். மாவில் குற்றம் இல்லை. ஆனால் சுத்தமான தண்ணீரும் அடுப்பும் இல்லாத இடத்தில் இந்தப் போத்தல்தான் பிள்ளைக்கு எமன். அதைவிட, தாய்மார் கையில் சும்மா கிடைத்தால் ஒவ்வொருத்தியாகத் தன் பாலை நிறுத்திவிடுவாள். பிறகு டின் முடிந்த அன்றைக்கு இரண்டும் இருக்காது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவளின் நான்கு மாதப் பிள்ளை ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் இரண்டு டின் போதும். அதையும் நானே தண்ணீர் கொதிக்க வைத்துக் கரைத்து, சின்னக் கோப்பையில் கொடுத்துப் பழக்குகிறேன் என்றார்.

நானா தாடியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நான் என்னத்த கொண்டுவரணும் மிஸ்?"

காய்ந்த விறகு, மூடி போட்ட கேத்தல், அம்மாமாருக்கு முட்டையும் பயறும், ஜன்னலுக்குத் துணி என்று மிஸ் அடுக்கினார். மத்தியானத்துக்குள் எல்லாம் வந்து சேர்ந்தது. திரைத் துணி மட்டும் அவர் கடையில் விற்காமல் கிடந்த துணிச் சுருளிலிருந்து கிழித்தது. ரோஸ் நிறத்தில், ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு பூக்கள். அதிபர் அறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

கூட்டம் நடக்கிறது

ஒரு வாரத்தில் என் அறைக்கு அவ்வளவு கூட்டம். பால் கொடுப்பவர்கள், மாசமாக இருப்பவர்கள், அவர்களுக்குப் பேச்சுத்துணைக்கு வருபவர்கள். உள்ளே ஒரே சிரிப்பு. எதைப் பற்றி என்று கேட்க எனக்கு வழியில்லை. என்னைப் பற்றியும் கொஞ்சம் இருந்திருக்கும்.

அப்போதுதான் ஓர் அரசியல்வாதியின் இணைப்புச் செயலாளர் வந்தார். யாருடைய இணைப்பு, எதற்குச் செயலாளர் என்பதெல்லாம் வேண்டாம். வெள்ளைச் சேர்ட்டு, பின்னால் பேனர் பிடித்தவர் இருவர், படம் பிடிப்பவர் ஒருவர், பெட்டிகளில் பால்மாவும் போத்தல்களும், கூடவே போர்வையும் அரிசியும்.

கைக்குழந்தைக்காரர்களை வரிசையாக நிற்க வைக்கச் சொன்னார். போர்வையையும் அரிசியையும் நன்றியோடு எடுத்துக்கொள்கிறோம், பால்மாவும் போத்தலும் இங்கே கொடுக்க முடியாது என்றேன். ஏன் என்றார். சொன்னேன். சனங்களுக்கு வருவதைத் தடுக்க நீங்கள் யார் என்றார். முகாம் பொறுப்பாளர் என்றேன். எழுதித் தர முடியுமா என்றார். அவர் ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார். எழுதுவது என்றால் எனக்குக் கரும்பு. இரண்டு பிரதியில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். 'என்னால் மறுக்கப்பட்டது' என்று எழுதியதை வெட்டிவிட்டு, 'நான் மறுத்தேன்' என்று எழுதினேன்.

அவர் விடவில்லை. அறைக்குள் அம்மாமார் இருப்பதை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு படம் மட்டும் எடுத்துவிட்டுப் போகிறோம் என்று கதவை நோக்கி நடந்தார். நான் முன்னால் போய்க் கதவை மறைத்து நின்றேன். எனக்குச் சீனி வருத்தம், மூட்டு வலி. தள்ளிவிட்டால் விழுந்திருப்பேன்.

"உள்ளுக்கு என்னா நடக்குது?" என்றார்.

"கூட்டம். முடிய நேரமாகும்."

"யாரு தலைமை?"

சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு பிள்ளை வீரிட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. லெச்சுமி எட்டிப் பார்த்து, படம் பிடிப்பவரிடம், வேணும்னா ஒன் வீட்டுல போயி ஒன் அம்மாகிட்ட கேட்டுப் படம் எடு என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள். கடதாசி ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார்கள். செயலாளர் தம் பெட்டிகளோடு போனார். அரிசியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார், அதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதினேன், நாலு பக்கம், திமிங்கிலம் உட்பட. பதில் இல்லை. ஓய்வு பெற்றும்விட்டேன்.

போகும் நாள்

முகாம் கலைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில்கள் போட்டுக் கொடுத்தார்கள். லெச்சுமிக்கும் சசிகலாவுக்கும் திரும்பவும் அடுத்தடுத்த இடம். மாமியாரும் லெச்சுமியும் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். பேச்சு என்றால் பெரும்பாலும் வாக்குவாதம்தான். இருந்தாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் செய்தார்கள். சசிகலாவுக்குப் பால் நான்கைந்து நாளிலேயே திரும்பிவிட்டது. பிள்ளை கன்னம் வைத்துவிட்டது.

மூட்டை முடிச்சு எல்லாம் போன பிறகு சசிகலா பிள்ளையோடு என் அறைக்கு வந்தாள். மேசை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ரோஸ் திரையை மட்டும் நான் கழற்றவில்லை. போயிட்டு வாறேன் சேர் என்றாள்.

சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்திருந்ததைச் சொன்னேன். "அந்த டின்ன நான் குடுத்திருக்கக் கூடாதும்மா. ஒன்ன கொண்டுபோயி நடு மண்டபத்துல உக்கார வச்சதும் நான்தான். மன்னிச்சிக்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அன்னைக்கு வேற யாரும் என்னான்னு கேக்கல சேர். நீங்கதான் கூப்புட்டீங்க," என்றாள். "கூப்புட்டவங்க, பால் குடுக்க எடம் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

தலையாட்டினேன். பிறகு, துவாயைச் சரிசெய்ய வேண்டும், ஒரு நிமிஷம் பிடியுங்கள் என்று பிள்ளையை என் கையில் போட்டாள்.

அவ்வளவு சின்னப் பிள்ளையை நான் தூக்கியதில்லை. சூடாக இருந்தது. பால் வாசம் அடித்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, என் சேர்ட்டில் முகத்தைத் தேய்த்து, பேனா குத்தியிருந்த பையைக் கவ்வி இழுக்கத் தொடங்கியது. சசிகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்கிட்ட இல்லடா கண்ணு," என்றேன் பிள்ளையிடம்.

அதை அம்மாவிடம் கொடுத்து, சுழல் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.